பட்டணம் பார்த்தல்: நிந்தவூரிலிருந்து கொழும்புக்கு

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்றொரு காதை உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுக் கோவலன் தனியே மதுரை மாநகருட் புகுந்து, அதன் வீதிகளைக் கண்டு மீள்வதே அக்காதையின் பொருள். அவன் காவிரிப்பூம்பட்டினத்து வணிகப் பெருங்குடியிற் பிறந்தவன். பட்டண வாழ்வு அவனுக்குப் புதிதன்று. ஆயினும் மதுரையில் அவன் அயலான். அந்நகரை அவன் கண்டானேயன்றி, அந்நகர் அவனை அறியவில்லை. அவ்வறியாமையே பின்னர் அவன் உயிருக்கு உலையாயிற்று. ஒரு நகரைக் காண்பது வேறு, அந்நகரோடு தனக்குள்ள உறவை அறிவது வேறு என்னும் உண்மை இக்கதையுட் பொதிந்து கிடக்கிறது.

இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, ஈழத்தின் கீழைக்கரையிலுள்ள நிந்தவூர் மக்கள் கொழும்பு மாநகரைக் காணச் செல்லும் வழக்கை நோக்குதல் பயன்தரும். காரைதீவுக்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் நெல்வயலும் சூழ அமைந்தது நிந்தவூர். இவ்வூரவர்க்குக் கொழும்பு, தீவின் நேரெதிர்க் கரையிலுள்ள பட்டணம். அலுவலின் பொருட்டுச் செல்வோரே பலராயினும், அலுவல் முடிந்தபின் ‘கொழும்பு பாராது’ திரும்புவோர் சிலரே. பாடசாலைச் சுற்றுலாக்களும் கொழும்பையே நாடுகின்றன. காலிமுகத்திடல், நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, புறக்கோட்டைக் கடைத்தெரு என ஒரு வரிசை எவரும் கற்பியாமலே எல்லோர்க்கும் மனப்பாடம். இவ்வரிசை எவ்வாறு தோன்றிற்று? எவருடைய கண்களுக்காக இவ்விடங்கள் காட்சிப் பொருள்களாயின? நிந்தவூரிலிருந்து செல்பவர் அவற்றின் முன் வெறும் விருந்தினர்தாமா? இவ்வினாக்களுக்கு வரலாறு விடை கூறும்.

கொழும்பைக் கண்டு குறிப்பெழுதிய பழைய பயணிகளுள் மொறொக்கோ நாட்டவரான இப்னு பதூதா குறிப்பிடத்தக்கவர். 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, பாவாத மலையைத் தரிசித்து மீண்ட அவர், கொழும்பை இத்தீவின் அழகிய பெரிய நகரங்களுள் ஒன்றெனப் போற்றியுள்ளார். கடல் வாணிகத்தில் ஈடுபட்ட முஸ்லிம்கள் மேற்குக் கரையோரத் துறைமுகங்களில் நிலைகொண்டிருந்த காலம் அது. போர்த்துக்கேயரின் வருகை அந்நிலையைக் குலைத்தது. அவர்கள் 1626இல் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோருக்குக் கண்டி மன்னன் செனரத் புகலிடம் அளித்து, அவருட் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். கீழைக்கரையில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்பது உண்மையே. எனினும் மேற்குக்கரையிலிருந்து துரத்தப்பட்டோரும் அவர்களோடு கலந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று. ஆகவே அக்கரையோர ஊர்களிலிருந்து இன்று கொழும்பு பார்க்கச் செல்வோருட் சிலரேனும், தம் முன்னோர் விட்டுப் பிரிந்த கரையையே காணச் செல்கின்றனர் எனலாம்.

போர்த்துக்கேயரிடமிருந்து 1656இற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் முஸ்லிம்களை ஐயக்கண்கொண்டே நோக்கினர். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் நிலபுலம் கொள்வதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. 1796இற் கொழும்பு ஆங்கிலேயர் வசமான பின்னரும் பல்லாண்டுகள் நிலைத்த அத்தடை, 1832ஆம் ஆண்டளவிலேயே நீங்கியது.

இன்று ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ எனக் கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலேயர் ஆட்சியில் உருப்பெற்றவை. காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856இல் தொடங்கினார். 1859இல் அது நிறைவெய்தியது. கொழும்பு வாழ் சீமாட்டிகளினதும் சிறுவரினதும் நலன்கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளை அவர் வேண்டிக்கொண்டதை அங்குள்ள கல்வெட்டு கூறும். மாலைவேளையில் வண்டியேறிக் காற்று வாங்க வந்த ஆளும் வகுப்பாரே அவர் மனக்கண்ணில் இருந்தனர் என்பது தெளிவு.

1869இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டமை கொழும்பின் விதியை மாற்றியது. கீழைத்தேயங்களுக்குச் செல்லும் நீராவிக் கப்பல்கள் பெருகின. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவுற்றபோது, காலியின் இடத்தைக் கொழும்புத் துறைமுகம் பிடித்துக்கொண்டது. நிலக்கரியும் நன்னீரும் ஏற்றுவதற்காகக் கப்பல் தரித்து நிற்கும் சில மணி நேரத்துக்குள் நகரைப் பார்த்துத் திரும்ப விரும்பிய பயணிகள் கரையிறங்கினர். கோட்டை, காலிமுகத்திடல், கறுவாத்தோட்டம் என ஒரே சுற்றிற் கண்டு கப்பலுக்கு மீளத்தக்க வழியொன்று அவர்களுக்கு அமைந்தது. கீழைக்கரைப் பாடசாலைச் சிறுவர் இன்று ஒரே நாளில் விரைந்து சுற்றிப் பார்க்கும் வழியும் பெரிதும் அதுவே. மிருகக்காட்சிச்சாலையின் கதையும் இத்தகையதே. ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானியர், மேலைநாடுகளுக்கு அனுப்பும் விலங்குகளை வைத்திருக்கத் தெகிவளையில் அமைத்த இடமே, 1936இல் அரசுடைமையாகி மக்களுக்குரிய காட்சிச்சாலையாயிற்று.

இவ்வளவில் நின்றுவிடின், கொழும்பின் காட்சிகள் யாவும் அந்நியர் தமக்காக ஆக்கிக்கொண்டவை என்ற முடிபே எஞ்சும். ஆனால் ஆக்கச் சொன்னவர் ஒருவர், ஆக்கியவர் வேறொருவர். தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் கொழும்பு நூதனசாலை திறந்துவைக்கப்பட்டது. வெண்ணிற மாளிகையாக நிற்கும் அக்கட்டடத்தை வரைந்தவர் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஸ்மிதர். கட்டி எழுப்பியவரோ வாப்பிச்சி மரிக்கார் என்னும் இலங்கை முஸ்லிம் ஒப்பந்தகாரர். அவருக்கு யாது கைம்மாறு வேண்டும் எனத் தேசாதிபதி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்பதொன்றையே அவர் கேட்டார் என வழிவழியாகக் கூறப்படுகிறது. நெடுங்காலம் அந்நூதனசாலை வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டேயிருந்தது. கோட்டைக்குள் ஒரு பிடி நிலம் கொள்ளவும் உரிமையற்றிருந்த சமூகத்தினர் ஒருவர், தடை நீங்கி அரை நூற்றாண்டு நிரம்புமுன் அந்நகரின் தலையாய கட்டடத்தை எழுப்பினார் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

புறக்கோட்டையில் வெண்மையும் செம்மையும் மாறிமாறி வர எழுந்து நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலும் இவ்வாறே நோக்கத்தக்கது. 1908இல் தொடங்கி 1909இல் நிறைவெய்திய இப்பள்ளிவாசலை எழுப்புவித்தோர், சம்மாங்காரர் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம் வணிகர். மக்கள் அதனைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றே வழங்கினர். அதனை வடிவமைத்த ஹபீபு லெப்பை சைபு லெப்பை முறைசார் கட்டடக்கலைக் கல்வி பெற்றவரல்லர். துறைமுகத்தை நெருங்கிய மாலுமிகள் அதன் கோபுரங்களை அடையாளமாகக் கொண்டனர் என்பர். கரைசேரும் கப்பல் கொழும்பை அடையாளங்கண்டது உள்ளூர்க் கைகள் எழுப்பிய கோபுரங்களைக் கொண்டே என்பது சிந்தனைக்குரியது.

நிந்தவூரவர் இக்காட்சிகளை எளிதிற் காணும் வாய்ப்பைப் பெற்றது இருபதாம் நூற்றாண்டிலேயாகும். 1928இல் மட்டக்களப்புவரை புகையிரதப் பாதை நிறைவுற்றபின், மட்டக்களப்பை அடைந்து இரவு வண்டியேறினால் மறுநாட் கொழும்பு என்ற நிலை உருவாயிற்று. போர்க்காலத்தில் அப்புகையிரத சேவை பலமுறை தடைப்பட்டது. இன்றோ இரவிற் கல்முனைப் பக்கத்திலிருந்து புறப்படும் பேருந்துகள் விடியும் வேளையிற் கொழும்பைச் சேர்கின்றன. தூரம் சுருங்கச் சுருங்கப் பார்வையும் சுருங்கலாகாது.

சீமாட்டிகளுக்கென எண்ணி அமைக்கப்பட்ட காலிமுகத்திடல் எல்லா மக்களுக்கும் உரியதாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் தொடங்கிய மாபெரும் மக்கள் போராட்டத்தின் களமும் அதுவே. அவ்வாண்டு செப்ரெம்பரில் 350 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடைய தாமரைக் கோபுரம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பட்டணம் பார்ப்போரின் வரிசையில் அது முதலிடத்தை நாடுகிறது. உயரத்தினின்று நோக்கின் நகரின் பரப்புப் புலனாகும். அதன் ஆழம் புலனாகாது.

ஆழம் காண விரும்புவோர் நூதனசாலையுள் ஒரு கல்லின்முன் சிறிது நேரம் நிற்றல் வேண்டும். 1934இல் இங்கிலாந்திலிருந்து மீண்டுவந்த கண்டி மன்னரின் சிம்மாசனத்தையும் முடியையும் காண விரையும் கூட்டம் பெரும்பாலும் அதனைக் கடந்துவிடுகிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவிய, 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்வெட்டு 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழிப்பகுதி புத்தர் பெருமானுக்குக் காணிக்கை கூறுகிறது; தமிழ்ப்பகுதி தேவந்துறைத் திருமாலாகிய தென்னாவர நாயனாருக்குக் கூறுகிறது; பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபைச் சார்ந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் தூரதேசத்திலிருந்து வந்தோர், இத்தீவில் எவரோடு பேசவேண்டும் என எண்ணினார்களோ, அவர்களின் பட்டியலே அக்கல். தமிழ் பேசும் மக்களும் முஸ்லிம்களும் அப்பட்டியலில் உள்ளனர்.

பட்டணம் பார்த்தல் பொழுதுபோக்கே எனினும் அது கல்வியும் ஆதல் கூடும். நிந்தவூரிலிருந்து மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், மிருகக்காட்சிச்சாலைக்கு ஒதுக்கும் நேரத்திற் கால்மணியை இக்கல்லுக்கு அளிப்பின் போதும். நூதனசாலையின் வாயிலில், அதனைக் கட்டியவரின் பெயரை ஒருமுறை உரைப்பின் போதும். அம்மாணவர் பேருந்தேறி ஊர் திரும்புகையில், பிறருடைய நகரைக் கண்டுவந்த வியப்போடு மட்டுமன்றி, தமக்கும் பங்குள்ள ஒரு நகரைக் கண்டுவந்த தெளிவோடும் திரும்புவர்.