நிரீக்ஷக்: சுழியோடிக் கப்பலொன்றின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் நீளம், எடை, தளபதிகள், சென்ற துறைமுகங்கள் ஆகியவற்றின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மன்னர் வமிசாவளியை வரலாறெனக் கொண்ட மனப்பாங்கே இங்கும் தொழிற்படுகின்றது. 2023 செப்ரெம்பரில் திருகோணமலைக்கு வந்து சென்ற இந்தியக் கடற்படைக் கப்பலான ‘நிரீக்ஷக்’கை வேறொரு நோக்கில் அணுக விழைகின்றோம். அக்கப்பல் எத்தேவையின் பொருட்டுத் தோன்றியது? அதன் ஆழங்களை உண்மையில் அடைந்தோர் யாவர்? திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு வரை நீளும் வன்னிக் கரையிலும் சங்கும் கடலட்டையும் தேடி மூழ்குவோர் உளராதலின், இவ்வினாக்கள் நமக்கு அயலானவை அல்ல.

நிரீக்ஷக்கின் முன்னோடி ‘நிஸ்தார்’. 1969இல் சோவியத் யூனியனிடமிருந்து பெறப்பட்ட இந்த நீர்மூழ்கி மீட்புக் கப்பல் 1971இல் சேவையில் இணைந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் மூழ்கிய பாகிஸ்தானிய நீர்மூழ்கி ‘காஸி’யை அடையாளங் காண்பதில் அதன் சுழியோடிகள் பங்கு கொண்டனர். 1989இல் நிஸ்தார் ஓய்வு பெற்றது.

நிரீக்ஷக்கின் பிறப்போ போரினால் விளைந்ததன்று. பம்பாய்க்கு அப்பாலுள்ள கடலடி எண்ணெய் வயல் 1974இல் கண்டறியப்பட்டு, 1976இல் உற்பத்தி தொடங்கிற்று. கடலடிக் குழாய்களைப் பொருத்தவும் மேடைகளின் கால்களைப் பரிசோதிக்கவும் மனிதக் கைகள் வேண்டியிருந்தன. இத்தகைய கடல்சார் பணிகளுக்குரிய துணைக் கப்பலாகவே 1985இல் பம்பாய் மசகான் கப்பற்றளத்தில் அது கட்டப்பட்டது. கடற்படை அதனை 1989இல் குத்தகைக்கு எடுத்து, 1995இலேயே விலைக்கு வாங்கியது. எண்ணெய் உற்பத்திக்காக வளர்ந்த தொழில்நுட்பத்தை அரசின் படைக்கலத்துறை பின்னர் தனதாக்கிக் கொண்டது என்பதே இதன் பொருள். கருவிகளின் வரலாற்றைப் போர்களின் வரலாறாக மட்டும் காண்போர் இவ்வரிசையைக் கவனிப்பதில்லை.

இக்கப்பலின் தொழிற்பாட்டைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. சுவாசிக்கும் வாயு குருதியிலும் இழையங்களிலும் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலியையும் முடக்குவாதத்தையும், சில வேளைகளில் மரணத்தையும் விளைவிக்கும். ஆயின் உடல் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஏற்கக்கூடிய வாயு முழுவதையும் ஏற்றுவிட்டபின், அங்கு எத்தனை நாள் தங்கினும் அழுத்தம் குறைப்பதற்கு வேண்டிய காலம் கூடுவதில்லை. எனவே சுழியோடிகளை நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், கப்பலின் அழுத்த அறையிலேயே வாழவைத்து, மூழ்குமணி மூலம் வேலைத்தலத்துக்கு இறக்குவர். ஈலியமும் ஒட்சிசனும் கலந்த வாயுவைச் சுவாசிப்பதால் அவர்களது குரல்கூடச் சிறுத்துத் திரிந்து, அறைக்கு வெளியே இருப்பவருக்கு விளங்காமற் போகும். விஞ்ஞானம் என்ற வகையில் இது போற்றத்தக்கதே. எனினும், பலமுறை ஏறியிறங்குவதில் ‘வீணாகும்’ காலத்தை மீதப்படுத்தி, அதனை உழைப்பு நேரமாக மாற்றும் முறையும் இதுவே. வேலைநாள் பற்றிய மார்க்சின் ஆய்வு கடலடிக்கும் பொருந்துவதை இங்குக் காண்கின்றோம்.

2011இல் நிரீக்ஷக்கிலிருந்து 257 மீற்றர் ஆழம் எட்டப்பட்டது. இந்தியாவின் சாதனையாகக் கணக்கிடப்பட்ட இவ்வாழம் கப்பலின் பெயரிலேயே பதிவாகின்றது. அவ்வாழத்திலிருந்து மீள ஒரு வாரத்துக்கு மேல் அறைக்குள் அடைபட்டிருக்க வேண்டிய உடல்களோ பதிவுக்குப் புறம்பாகின்றன.

2015 யூனில் தமிழகக் கரைக்கு அப்பால் கடலோரக் காவற்படையின் டோர்னியர் விமானமொன்று மூவருடன் வீழ்ந்தது. ஏறத்தாழ 950 மீற்றர் ஆழத்திலிருந்து அதன் பதிவுக்கருவியை மீட்டது கடற்படைக் கப்பலன்று. ரிலையன்ஸ் நிறுவனம் பயன்படுத்திய ‘ஒலிம்பிக் கன்யன்’ என்னும் கப்பல். அக்காலத்தே ஆழம் எவர் வசமிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2025 யூலையில் விசாகப்பட்டினத்தில், இந்துஸ்தான் கப்பற்றளத்திற் கட்டப்பட்ட புதிய ‘நிஸ்தார்’ சேவையில் இணைக்கப்பட்டது.

இனி நமது கரைக்கு வருவோம். வன்னிப் பெருநிலத்தின் மேற்கே, அரிப்பில் நடைபெற்ற முத்துச் சலாபங்களில், காலிற் கட்டிய கல்லோடு ஐந்து முதல் பத்துப் பாகம் வரை மூச்சடக்கி மூழ்கியோருக்கு வழக்கப்படி சிப்பியில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. எஞ்சியது அரசுக்கு. 1906இல் அச்சலாபத்தையே இலண்டன் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். சில ஆண்டுகளில் அக்கம்பனி நொடிந்தது. அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு எஞ்சியிருக்கின்றது. மூழ்கியோருக்கு ஒரு நடுகல்லும் இல்லை.

கிழக்கே முல்லைத்தீவில் இன்று கல்லுக்குப் பதில் வாயுக்கலன். 2018இல் வெளிமாவட்டத்தாருக்குக் கடலட்டை பிடிக்க அனுமதி வழங்கப்பட்டதை எதிர்த்து உள்ளூர் மீனவர் போராடினர். ஆயின் கூலிக்கு மூழ்குவோனின் குருதியில் குமிழி எழுவது எம்மாவட்டத்தானாயினும் ஒன்றே. அப்போராட்டத்தில் இவ்விடயம் போதிய இடம்பெறவில்லை என்பது நமது கருத்து. அவனுக்கு வேண்டிய அழுத்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் வாயிலுக்கு உள்ளே இருக்கின்றது. போர்க்காலத்தில் பாஸ் பெற்றே கடலுக்குச் சென்ற இம்மக்கள் கடற்படையை அறிந்தது மருத்துவனாக அன்று. ‘நிரீக்ஷக்’ என்ற சொல்லுக்கு மேற்பார்ப்பவன் என்பது பொருள்; நமது மலையகத் தோட்டங்களில் அவனைக் கங்காணி என்பர்.