அரக்கு மெருகு

ஓமலூரில் மூதாட்டி ஒருவர் பங்கிற்கென விட்டுச்சென்ற பழைய சிங்கர் தையல் இயந்திரத்தை அண்மையில் துப்புரவு செய்தோம். தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டு, உள்ளுறுப்புகள் பிசினாய் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறியபின்னரே சக்கரம் அசைந்தது. ஸ்பிரிட் மட்டும் ஆகாது. பொற்சித்திரத்தின் மேலுள்ள அரக்கு கரைந்துவிடும். ஒரு மூலையை நாம் அவ்வாறே இழந்தோம்!

‘எஃப்’ எனத் தொடங்கும் அதன் எண், ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்கு ஆலையில் அது பிறந்ததெனக் காட்டிற்று. 1911 மார்ச்சில் அங்கே, தையல் இயந்திர மரப்பெட்டிகளுக்கு மெருகிடும் பெண்கள் 12 பேர், கூடுதல் வேலை சுமத்தப்பட்டதால் வெளியேறினர். அவர்களுக்காகப் பல்லாயிரம் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மூன்று வாரங்களில் போராட்டம் தோற்றது. முன்னின்றோர் பலர் வேலை இழந்தனர்.

நம் இயந்திரத்தின் மரப்பலகை யார் கைப்பட்டதோ! மங்கிய மெருகைச் சுரண்டாமல், உலர்ந்த துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.