குடிபெயர்ந்த தெய்வங்கள்

கிரேக்க, ரோமானியத் தெய்வங்களை அறிமுகப்படுத்தும் நூல்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைத் தந்து அமைகின்றன. கிரேக்கருக்கு ஜீயஸ், ரோமருக்கு ஜூபிடர். அங்கே ஹீரா, இங்கே ஜூனோ. அங்கே அதீனா, இங்கே மினர்வா என்று அப்பட்டியல் நீளும். அதைக் காண்போர், ரோமர் தமக்கெனத் தெய்வங்கள் இன்றிக் கிரேக்கரிடம் இரவல் பெற்றுப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டனர் என்று எண்ணிவிடுதல் இயல்பே. சரித்திரத்தை நோக்கினால் உண்மை அத்துணை எளிதன்று என்பது புலனாகும். மக்கள் இடம் பெயரும்போது தெய்வங்களும் உடன் பெயர்கின்றன. அவ்வாறு வந்த தெய்வத்தைப் புதிய ஊர் எவ்வாறு ஏற்றது, என்ன நிபந்தனை விதித்தது, எதைக் கண்டு அஞ்சியது என்பனவெல்லாம் இக்கதையில் அடங்கும். பிறந்த ஊரை நீங்கி வேற்று மாநிலங்களில் வாழும் நாம் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குவது பொருத்தமாகும்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டு முதல் கிரேக்கர் தம் சிறு நாடுகளை விட்டுக் கடல் கடந்து, சிசிலித் தீவிலும் தென் இத்தாலியிலும் குடியேறலாயினர். நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள கூமே, சிசிலியின் சிராகூஸ் முதலிய நகரங்கள் அவ்வாறு தோன்றியவை. புறப்படுமுன் டெல்பியில் அப்பல்லோவின் வாக்கைக் கேட்பது அவர்கள் மரபு. தாய்நகரின் பொது அடுப்பில் ஹெஸ்தியா தேவியின் திருவுருவாக எரிந்த நெருப்பை எடுத்துச் சென்று, புதிய ஊரின் அடுப்பை அதனால் மூட்டுவதும் உண்டு.

கி.மு. 600-ஐ ஒட்டி, போசியா நகரத்தார் இன்றைய பிரான்சின் தென் கரையில் மஸ்ஸாலியா என்னும் ஊரை நிறுவினர்; இன்றைய மார்செய் அதுவே. அவர்கள் புறப்பட்டபோது எபேசஸ் நகரின் அரிஸ்தார்க்கா என்ற மாதின் கனவில் ஆர்ட்டெமிஸ் தேவி தோன்றி, தன் திருவுருவின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்களுடன் செல்லுமாறு பணித்தாள் என்று புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். புதிய ஊரில் கோயில் எழுந்தது. அம்மாதே அதன் பூசாரியானாள். மஸ்ஸாலியர் பின்னர் நிறுவிய கிளையூர்களிலும் அதே வடிவத்தையும் அதே வழிபாட்டு முறையையும் மாறாமல் காத்தனர். ஊர் மாறினும் உருவம் மாறலாகாது என்பதில் அவர்கள் கொண்ட உறுதி இங்கே தெரிகிறது.

இத்தாலியில் இக்கிரேக்கர் கண்டது வெற்றிடம் அன்று. அங்கிருந்த மக்களுக்கு வயலையும் அடுப்பையும் வாயிற்படியையும் காக்கும் தெய்வங்கள் முன்னரே இருந்தன. இரு சாராரும் வாணிகத்தாலும் போராலும் நெருங்கப் பழகியபோது, ஒரு தெய்வத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டு இணைக்கும் வழக்கம் தோன்றியது. இணைந்த பின்னும் பழைய இயல்பு முற்றும் மறைந்துவிடவில்லை. கிரேக்கரின் போர்த் தெய்வம் ஏரிஸ். ஹோமரின் இலியட் காவியத்தில் தந்தையாகிய ஜீயஸே அவனைத் தேவருள் தனக்கு மிக வெறுப்பானவன் எனக் கடிந்துரைக்கிறான். ரோமரின் மார்ஸோ நகரை நிறுவிய ரோமுலஸின் தந்தை. மார்ச் மாதம் அவன் பெயரால் வழங்குவது. தன் நிலத்தை நோயினின்று காக்கவும் உழவன் அவனையே வேண்டினான். பட்டியலில் இருவரும் ஒரே வரியில் நின்றாலும், இருவர்க்கும் கிடைத்த மதிப்பு வேறு.

அந்த இணைப்பு அரசாங்க வடிவம் பெற்றது ஒரு நெருக்கடியின்போது. கி.மு. 217-ஆம் ஆண்டில் டிராசிமீன் ஏரிக்கரையில் ஹானிபால் ரோமரின் படையை நிர்மூலமாக்கினான். கலங்கிய ரோமாபுரி, சிபில்லாவின் வாக்குகள் என்று போற்றப்பட்ட நூல்களைப் புரட்டிப் பரிகாரம் தேடியது. பன்னிரண்டு தெய்வங்களை ஆணும் பெண்ணுமாக ஆறு மஞ்சங்களில் அமர்த்தி விருந்து படைத்தனர். ஜூபிடரும் ஜூனோவும், நெப்டியூனும் மினர்வாவும், மார்ஸும் வீனஸும், அப்பல்லோவும் டயானாவும், வல்கனும் வெஸ்தாவும், மெர்க்குரியும் சீரிஸும் இணைகளாக வீற்றிருந்தனர். கிரேக்கரின் ஒலிம்பியப் பன்னிருவர் ரோமில் இவ்வாறு கொலு வீற்றனர் எனலாம்.

இவர்களுள் அப்பல்லோ ஒருவனே தன் கிரேக்கப் பெயரை விடாதவன். கொள்ளைநோயின் காரணமாக நேர்ந்துகொண்ட அவன் கோயில் கி.மு. 431-இல் அர்ப்பணிக்கப்பட்டது; ஆயினும் நகரின் புனித எல்லைக்கு வெளியேதான் அதற்கு இடம் கிடைத்தது. கி.மு. 293-இல் மீண்டும் நோய் பரவவே, கிரேக்க நாட்டு எபிடாரஸிலிருந்து மருத்துவத் தெய்வம் அஸ்கிளீப்பியஸை அழைத்துவரத் தூதர் சென்றனர். அத்தெய்வம் பாம்பு வடிவில் கப்பலேறி, டைபர் நதியின் நடுவிலுள்ள தீவில் இறங்கியது என்பது ஐதிகம். அங்கே அதற்குக் கோயில் எழுந்தது. அத்தீவில் இன்றும் ஒரு மருத்துவமனை இயங்குகிறது.

தெய்வம் வந்தால், அதன் வழிபாட்டை அறிந்தவரும் வரவேண்டும். தானியத் தேவி சீரிஸுக்குக் கிரேக்க முறையில் செய்யும் வழிபாட்டிற்கு, நேப்பிள்ஸ், வேலியா ஆகிய கிரேக்க ஊர்களிலிருந்தே பெண் பூசாரிகளை வரவழைத்தனர். அவர்களுக்கு ரோமக் குடியுரிமையும் வழங்கினர். பூசை செய்பவளின் அறிவு அயல்நாட்டதாக இருக்கலாம். ஆனால் குடிமக்களுக்காக வேண்டுபவள் குடிமகளாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. கி.மு. 56-இல் பால்பஸ் என்பவனின் குடியுரிமைக்காக வழக்காடிய சிஸரோ, வேலியா ஊர்க் கல்லிபானாவுக்கு அவ்வாறு உரிமை அளித்ததை எடுத்துக்காட்டினார். தெய்வத்தின் பெயரால் ஓர் அயலூர்ப் பெண் நகரின் உறுப்பினளானது சிந்திக்கத்தக்கது.

கிரேக்க எல்லைக்கும் அப்பாலிருந்து வந்தவள் சிபெலே என்னும் மகா அன்னை. ஹானிபால் இத்தாலியை விட்டு நீங்காதிருந்த கி.மு. 205-இல், இவளை அழைத்துவந்தால் பகைவன் அகல்வான் என்று சிபில்லாவின் நூல்கள் கூறின. பெர்கமம் அரசன் அட்டாலஸின் உதவியால், அன்னையின் உருவாகப் போற்றப்பட்ட கல் மறு ஆண்டு ரோமை அடைந்தது. உயர்குடிப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி அதை ஏந்திச் சென்றனர். கி.மு. 203-இல் ஹானிபால் இத்தாலியை விட்டகன்றான். அடுத்த ஆண்டு சாமாவில் தோற்றான். கி.மு. 191-இல் பாலட்டைன் குன்றில், நகரின் நெஞ்சிலேயே, அன்னைக்குக் கோயில் அமைந்தது. ஆயினும் வண்ண ஆடையுடன் குழலூதிப் பறையறைந்து சென்ற அவளுடைய பூசாரிகளின் கூட்டத்தில், பிறப்பால் ரோமனான எவனும் சேரலாகாது எனத் தடை இருந்தது. தெய்வத்தை ஏற்றுக்கொண்ட ஊர், அத்தெய்வத்தின் அடியாரை ஓர் எல்லையில் நிறுத்தி வைத்தது.

அந்த எல்லை எத்துணைக் கடுமையாகக்கூடும் என்பதைப் பாக்கஸின் கதை உணர்த்துகிறது. கிரேக்கர் டயோனிசஸ் என வழங்கிய இம்மதுத் தெய்வத்தின் இரவு வழிபாடு, தென் இத்தாலியிலிருந்து பரவி ரோமையும் எட்டியது. கி.மு. 186-இல் செனட் சபை அதனை ஒடுக்க முனைந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் தொடர்புற்றிருந்தனர் என்றும், சிறையுண்டவரினும் கொலையுண்டவரே மிகுதி என்றும் லிவி எழுதுகிறார். அவர் கூறும் ஒழுக்கக்கேடுகளுள் எவ்வளவு உண்மை என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆனால் செனட்டின் ஆணையே நமக்குக் கிடைத்துள்ளது. அதைப் பொறித்த வெண்கலத் தகடு 1640-இல் தென் இத்தாலியில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது வியன்னாவில் இருக்கிறது. அவ்வாணை பாக்கஸ் வழிபாட்டை அடியோடு ஒழிக்கவில்லை. அனுமதி பெற்றுச் செய்யலாம். ஆனால் ஆண்கள் இருவர், பெண்கள் மூவர் என்ற அளவுக்கு மேல் கூடுதல் கூடாது. பொதுப் பணம் சேர்த்தல் கூடாது. தமக்குள் தலைவரை அமைத்தலும் உறுதிமொழி ஏற்றலும் கூடாது என்று அது விதிக்கிறது. செனட் சபை அஞ்சியது எதனை என்பது இதனால் விளங்கும். பாக்கஸ் ஒருவனை அது பொறுத்துக்கொண்டிருக்கும். அவன் பெயரால் ஆணும் பெண்ணும், அடிமையும் உரிமையாளனும், ஊராரும் அயலாரும் ஒன்றுகூடித் தமக்கென ஓர் அமைப்பு வகுத்துக்கொண்டதே அதற்குப் பொறுக்கவில்லை.

பிற்காலத்தில் ரோமரே தம் தெய்வங்களுடன் உலகெங்கும் சென்றனர். ரோமப் பேரரசின் பாதைகளைக் காட்டும் பழம் வரைபடம் ஒன்றின் இடைக்காலப் படி, அதே வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. அதில் முசிறித் துறைமுகத்தின் அருகே அகஸ்டஸின் கோயில் குறிக்கப்பட்டுள்ளது. தெய்வமாக உயர்த்தப்பட்ட தம் பேரரசனை, மிளகு வாங்க வந்த வணிகர் சேர நாட்டுக் கரையிலும் வழிபட்டனர் என்று அறிஞர் இதனால் கருதுகின்றனர். ஊரார் அதனை எவ்வாறு நோக்கினர் என்பதை வரைபடம் சொல்லவில்லை. கோயிலுக்கு அங்கே இடம் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

ஆகவே, ஜீயஸ் என்றும் ஜூபிடர் என்றும் எழுதப்பட்ட அந்தப் பட்டியலை இனிக் காணும்போது, அதன் இரு பத்திகளுக்கும் இடையே கிடக்கும் கடலையும் நாம் நினைவுகூர வேண்டும். அதைக் கடந்தவர் எடுத்துச் சென்ற நெருப்பும், கனவில் கண்ட திருவுருவும், நகரின் எல்லைக்கு வெளியே காத்திருந்த கோயிலும் அங்கே உள்ளன. ஐவருக்கு மேல் கூடலாகாது என்ற ஆணையும் அங்கேயே உள்ளது. வந்த தெய்வங்களுக்கு இடம் அளித்த ரோமாபுரி அதனால் சிறுமையுறவில்லை. அத்தெய்வங்களின் புகழோடு அந்நகரின் புகழும் இன்றளவும் வாழ்கிறது.