கிளிசரினில் ஊறிய முயல் தசை

முயலின் அடிவயிற்றுக்குள், முதுகெலும்பின் இருபுறமும் ஒட்டியபடி நீளவாக்கில் ஓடும் தசைக்கு சோவாஸ் என்று பெயர். இழைகள் நேராகவும் நீளமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருப்பதால் ஆய்வாளர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. தசை சுருங்கும் விதத்தை நமக்குச் சொல்லித்தந்ததில் உயிருள்ள தசைக்கு நிகரான பங்கு, முயல் செத்து மாதக்கணக்கான பிறகும் கிளிசரினில் ஊறிக்கிடந்த இந்தத் துண்டுக்கு உண்டு.

கதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஹங்கேரியின் செகெட் நகரில் தொடங்குகிறது. 1937இல் நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அங்கே தசையைக் கையில் எடுத்திருந்தார். அவரோடு வேலை செய்த இலோனா பங்கா, அரைத்த முயல் தசையை உப்புக் கரைசலில் போட்டு மயோசின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்துவந்தார். ஒருநாள் அரைத்ததை இரவு முழுக்க அப்படியே விட்டுவைக்க, காலையில் கரைசல் கெட்டியாகியிருந்தது. மயோசின் மட்டும் இருந்தால் அப்படி ஆகாது. தசையிலிருந்து வேறேதோ ஒன்றும் இறங்கியிருந்தது. அதைத் தனியே பிரித்தவர் புருனோ ஸ்ட்ராப். அந்தப் புரதம்தான் ஆக்டின்.

மயோசினும் ஆக்டினும் சேர்ந்த கலவையை நீருக்குள் மெல்லிய நூலாகப் பீய்ச்சி, அதில் கொதிக்கவைத்த தசைச்சாற்றை விட்டார்கள். நூல் சுருங்கியது. சாற்றில் வேலை செய்தது, செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு. உடம்புக்கு வெளியே, கண்ணாடிப் பாத்திரத்தில், இரண்டு புரதங்கள் அசைந்ததைப் பார்த்த அந்தக் கணத்தைத் தன் வாழ்விலேயே பெரிய பரவசமாகச் சென்ட்-ஜியார்ஜி பின்னாளில் நினைவுகூர்ந்தார். போரின் காரணமாக இந்தச் செய்தி வெளியுலகை எட்டச் சில ஆண்டுகள் பிடித்தன.

1947இல் அவர் அமெரிக்காவுக்குக் குடியேறி, கடலோர ஊரான வுட்ஸ் ஹோலில் ஆய்வைத் தொடர்ந்தார். அங்கேதான் சோவாஸ் துண்டு கிளிசரினுக்குள் இறங்கியது. தசையைக் குச்சியில் இழுத்துக் கட்டி, பாதி கிளிசரினும் பாதி நீருமான கலவையில் போட்டு உறைகுளிரில் வைத்தால், செல்லின் மேலுறை சிதையும், கரையக்கூடியவை எல்லாம் வெளியேறும், ஏடிபியும் போய்விடும். ஆக்டின், மயோசின் இழைகள் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். பிணம் விறைப்பதுபோலவே அதுவும் விறைத்திருக்கும், காரணமும் அதேதான்: ஏடிபி இல்லாவிட்டால் மயோசின் ஆக்டினைப் பற்றிய பிடியை விடாது. ஏடிபி கொடுத்தால் அந்த உயிரற்ற துண்டு, உயிருள்ள தசைக்குக் கிட்டத்தட்ட ஈடான விசையோடு இழுக்கிறது. 1949இல் இதை அவர் வெளியிட்டார்.

1953இல் கிளிசரினில் ஊறிய இந்தத் தசை பாஸ்டனுக்கு அருகே எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஆகியோரின் கைக்கு வந்தது. இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். ஊறிய தசையை பிளெண்டரில் அடித்தால், ஒரு மைக்ரோமீட்டர் அளவே தடிமனுள்ள நுண்ணிழைகளாகப் பிரியும். நுண்ணோக்கியில் ஒவ்வொன்றிலும் கரும்பட்டையும் வெண்பட்டையும் மாறிமாறித் தெரியும். மயோசினைக் கரைத்தெடுக்கும் உப்புநீரை விட்டார்கள். கரும்பட்டைகள் கண்ணெதிரே மறைந்தன. ஆக, மயோசின் இருப்பது கரும்பட்டையில். பிறகு ஏடிபி விட்டுச் சுருங்கவைத்தபோது, வெண்பட்டை குறுகிக்கொண்டே போயிற்று. கரும்பட்டையின் நீளம் மாறவில்லை.

இழைகள் சுருங்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன என்பதுதான் இதன் பொருள். கிணற்றில் வாளியால் நீர் இறைக்கும்போது கயிறும் குட்டையாவதில்லை, கையும் குட்டையாவதில்லை. பிடித்து, இழுத்து, விட்டு, அடுத்த இடத்தைப் பிடிக்கிறோம். மயோசினின் தலைப்பகுதிகள் ஆக்டின் இழையை அப்படித்தான் இழுக்கின்றன. ஒவ்வொரு முறை பிடியை விடவும் ஒரு ஏடிபி செலவாகிறது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் (ஹியூவுக்கு உறவில்லை) ரோல்ஃப் நீடர்கெர்கேயும் தவளையின் உயிருள்ள தசையில் இதையே கண்டார்கள். இரு கட்டுரைகளும் 1954 மே 22 அன்று 'நேச்சர்' இதழில் ஒன்றாக வந்தன. பாடநூல்களில் ஹக்ஸ்லி என்ற பெயர் நிலைத்த அளவுக்கு ஹான்சனின் பெயர் நிலைக்கவில்லை; எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கிளிசரின் ஒன்றை மறைத்தும்விட்டது. உயிருள்ள தசையில் கால்சியம் வெளிவந்தால்தான் இழுவை தொடங்கும். கரைசல்களில் கலந்திருந்த துளிக் கால்சியமே அதற்குப் போதுமாக இருந்ததால், அதன் பங்கு கண்ணில் படவில்லை. டோக்கியோவின் செட்சுரோ எபாஷியின் குழு 1960களில் அதை நிறுவி, கால்சியத்தைப் பிடிக்கும் டிரோபோனின் புரதத்தையும் கண்டுபிடித்தது.

இன்று இதே சோவாஸ் துண்டு, கிளிசரின் குழாய்க்குள், அமெரிக்காவில் பள்ளி, கல்லூரிகளுக்கு விலைக்குக் கிடைக்கிறது. மாணவர்கள் அதை ஊசியால் பிரித்துப் பிரித்து, தலைமுடியளவு மெல்லிய இழையாக்கிக் கண்ணாடிச் சில்லில் வைத்து நீளத்தை அளக்கிறார்கள். பொட்டாசிய, மெக்னீசிய உப்புகளை மட்டும் விட்டால் ஒன்றும் நடக்காது. கூடவே ஏடிபியும் சேர்ந்தால் சில நொடிகளில் இழை குட்டையாகித் தடிக்கும். பெரிதாக்கிப் பார்த்தால், வெண்பட்டைகள் ஒடுங்கியிருப்பதை அவர்களே பார்க்கலாம்.