சோளகத்தில் ஒரு கரை, வாடையில் ஒரு கரை

கல்கிசைக் கரையிலே வாடைக்காலத்து விடியற்பொழுதில் கரைவலை இழுப்பதைக் காண்போர் பலர் அதனை வெறுங்காட்சியாகவே கண்டு செல்வர். ஓடமொன்று வலையைக் கடலில் வளைத்து விட்டுவரும். இரு தலைக்கயிறுகளையும் இரு அணியினர் பற்றி இழுப்பர். வலைக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு. வலை வளைக்கும் கரைத்துண்டுக்குப் பாடு என்று பெயர். ஒரு பாடு பல வலைகளுக்கு உரியதாயின் முறைவைத்தே இறக்குவர். சோளகம் எழுந்ததும், ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை, அலை இத்தொழிலுக்கு இடங்கொடாது.

அம்மாதங்களில் மேற்குக்கரைத் தொழிலாளி எங்கே போவான்? நீர்கொழும்பு, சிலாபம் மீனவரின் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது. மேற்கே கடல் கொந்தளிக்கையில் கிழக்கே அது அமைதியாயிருக்கும். ஆகவே அவர்கள் கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவுக் கரைகளுக்குச் சென்று, ஓலைக்குடிசை அமைத்துத் தொழில் செய்து, வாடை தொடங்குமுன் மீள்வர். அக்குடிசைக்குத் தமிழில் வாடி, சிங்களத்தில் வாடிய. தெப்பம் அங்கே தெப்பம ஆயிற்று. மொழிவல்லுநர் ஆராயப் புகுமுன்னரே மீனவர் சொற்களைப் பகிர்ந்துகொண்டனர்! நீர்கொழும்பில் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்னும் பெயர் தாங்கிய குடும்பங்கள் பல வீட்டிலே தமிழ் பேசின. பாடசாலை மொழி சிங்களமான பின்னரும் அத்தமிழ் முற்றாக மறையவில்லை.

இவ்வுறவைப் பொன்னாகத் தீட்டுவது பொய்யாகும். பாட்டுரிமைக்கான பூசலும், சம்மாட்டியிடம் பட்ட கடனும் என்றும் இருந்தவையே. எனினும் 1984 டிசெம்பரை ஒட்டிய நாட்களில் நிகழ்ந்தது வேறு. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வாடியமைத்திருந்த சிங்கள மீனவர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அப்பகுதித் தமிழ்க் கிராமத்தவர் இராணுவத்தினரால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். போர் 2009இல் முடிந்தபின் மீண்டு வந்த தமிழர், தாம் முன்பு வலையிழுத்த பாடுகள் சில, அரசாங்க அனுமதிப்பத்திரத்தோடு பிறர் கையிலிருக்கக் கண்டனர். முறைவைத்து இறங்கிய வலைகளுக்கு நடுவே பத்திரம் வந்து நின்றது. இரு பகுதியினரும் ஏழைகள் என்பதை அந்தப் பத்திரம் அறியாது.

கடலோ இப்பிரிவினையை ஏற்பதில்லை. 2021 மே மாதம், சோளகம் எழும் வேளையில், கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகள் கல்கிசையிலும் நீர்கொழும்பிலும் ஒருங்கே கரையொதுங்கின. இரு கரைகளிலும் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. கிழக்கே வாடியில்லாத சிறு தொழிலாளி, வலையை உலர்த்தி வைத்துவிட்டு நிவாரணத்துக்குக் காத்திருந்தான்.