வைஃபை ரூட்டர்களில் சேமிப்பிடம் குறைவாக இருப்பது ஏன்?

அத்திபெலே: கைபேசிகளில் 128 ஜிகாபைட் சேமிப்பிடம் சாதாரணமாகிவிட்ட நிலையில், வீடுகளில் பயன்படும் பல வைஃபை ரூட்டர்கள் 8 அல்லது 16 மெகாபைட் பிளாஷ் நினைவகத்துடனேயே விற்கப்படுகின்றன. ஒருசில புகைப்படங்களிலேயே நிரம்பிவிடும் அளவு இது.

சேமிக்கப்படுவது என்ன?

ரூட்டர் பயனரின் தரவுகளைச் சேர்த்து வைப்பதில்லை. அவை ரேம் நினைவகத்தில் கணநேரம் தங்கி, உரிய கருவிக்கு அனுப்பப்படுகின்றன. 'ஃபர்ம்வேர்' எனப்படும் இயக்க மென்பொருளும், கடவுச்சொல் உள்ளிட்ட அமைப்புகளும் மட்டுமே பிளாஷில் நிலையாக இருக்கும். மென்பொருளும் பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவிலேயே பதியப்படுகிறது.

சிறிய சில்லு ஏன்?

இதற்குப் பரவலாகப் பயன்படும் 'நார்' வகைச் சில்லு 8 கால்களே கொண்டது, நம்பகமானது. ஆனால் அதன் வழக்கமான 24 பிட் முகவரி முறையில் 16 மெகாபைட் வரை மட்டுமே அணுக முடியும். பெருமளவில் தயாராகும் கருவியில் சில்லின் சிறு விலை வேறுபாடும் பெருந்தொகையாகும். லிங்சிஸ் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு தனது டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் 5-ஆவது பதிப்பில் பிளாஷை 4 மெகாபைட்டிலிருந்து 2 மெகாபைட்டாகவும், ரேமை 16 மெகாபைட்டிலிருந்து 8 மெகாபைட்டாகவும் குறைத்தது. லினக்ஸுக்குப் பதிலாக விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்துக்கு மாறியதே இதைச் சாத்தியமாக்கியது.

பாதிப்பு என்ன?

பாதுகாப்புத் திருத்தங்கள் சேரச் சேர மென்பொருளின் அளவு பெருகுகிறது. பழைய கருவியில் இடம் போதாமல் போகிறது. கட்டற்ற ரூட்டர் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி, 4 மெகாபைட் பிளாஷும் 32 மெகாபைட் ரேமும் கொண்ட கருவிகளுக்கான ஆதரவை 19.07 பதிப்புடன் நிறுத்திக்கொண்டது.

பாதுகாப்பில்லாத கருவிகளால் நேரும் ஆபத்தைக் கர்நாடகம் முன்னரே சந்தித்துள்ளது. அத்திபெலேயை உள்ளடக்கிய கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டத்தில், 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்கள் தீம்பொருள் தாக்குதலுக்கு உள்ளாயின. தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத மோடம்களே இலக்காயின. கடவுச்சொல்லை மாற்றுமாறு வாடிக்கையாளர்களை நிறுவனம் கேட்டுக்கொண்டது.

பயனர்கள் செய்ய வேண்டியது

'ரீசெட்' பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், பயனர் செய்த அமைப்புகள் பிளாஷிலிருந்து நீக்கப்பட்டுப் பழைய கடவுச்சொல்லே திரும்பும். எனவே ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் மாற்றுவது அவசியம். வாங்கும்போது வேகத்துடன் பிளாஷ், ரேம் அளவுகளையும், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். திருத்தங்கள் நின்றுவிட்ட ரூட்டரை மாற்றிவிடுவதே பாதுகாப்பானது.