கொப்பரைக்குக் கீழே எரிந்தவை

மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன் வெட்டி வைத்த பெருமை ஊரறிந்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தேன் என்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து மலைத்து நிற்பார்கள். வெல்ல ஆலை வைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கோ, ராஜா ஒதுக்கிய நான்கும் இல்லாவிட்டால் எங்கள் பிழைப்பே இல்லை என்றுதான் தோன்றும். அடுப்புக்குச் செங்கல். கொட்டகைக்கு மரம். கொப்பரைக்கு இரும்பு. சாற்றின் புளிப்பை முறித்து அழுக்கை மேலே கொண்டுவரச் சுண்ணாம்பு. ஐந்தாவதாக ஒன்று வேண்டும், நெருப்பு. தொழிலின் லாபமும் நஷ்டமும் அதில்தான் இருந்தது.

விழுப்புரம்–செஞ்சி சாலைக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. ஆலையைப் பெரியப்பா நடத்தினார். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தப் போய்விட்டேன். அதனால் அவர் கையால் செய்ததை நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

ஆயிரம் லிட்டர் சாறு பிடிக்கும் கொப்பரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 180, 190 கிலோ வெல்லம் இறங்கும். மீதியெல்லாம் தண்ணீர். எண்ணூறு லிட்டருக்கு மேல் ஆவியாகிக் கூரை வழியே போக வேண்டும். இதற்குச் சுமார் ஐந்தரை லட்சம் கிலோ கலோரி சூடு கொப்பரைக்குள் ஏற வேண்டும். அந்தச் சாற்றைக் கொடுத்த கரும்பு ஒன்றே முக்கால் டன். பிழிந்தபின் விழும் சக்கையில் பாதி ஈரம். வெயிலில் காய்ந்தால் 370 கிலோ போல மிஞ்சும். அதை எரித்தால் 13 லட்சம் கிலோ கலோரி வரை வரும். ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொப்பரையில் ஏறிவிட்டால், வெளியிலிருந்து ஒரு சுள்ளிகூட வாங்க வேண்டாம்.

அந்த 'ஏறிவிட்டால்' என்பதில்தான் சிக்கல். நான்கில் ஒரு பங்குகூட ஏறாத அடுப்புகள் நிறைய உண்டு. குழி ஆழம் கூடினால் தீநாக்கு கொப்பரையைத் தொடாது. குறைந்தால் காற்று போதாமல் புகைதான் வரும். புகைபோக்கி குட்டையாக இருந்தால் இழுக்காது, மிகவும் இழுத்தால் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். உத்தரப்பிரதேசத்தில் ஒரே நெருப்பின் வழியில் மூன்று கொப்பரையை வரிசையாக வைத்து, முதல் கொப்பரையைத் தாண்டிய சூட்டில் பின்னாலிருக்கும் சாற்றைக் காய வைப்பார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒற்றைக் கொப்பரைதான். அடுப்பு கட்டும் கொத்தனாருக்குக் கையில் வந்த பழக்கம் ஒன்றே அளவு. குறைகிற சூட்டைச் சோகை ஈடுகட்டும். கரும்பு வெட்டியதும் உதிர்கிற அந்தக் காய்ந்த இலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டகை ஓரம் அடுக்குவது பெண்கள் வேலை.

வேலங்கட்டை இருக்க, இந்தச் சக்கைக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்டிருக்கிறேன்.

“ஏன் பெரியப்பா, கட்டையப் போட்டா சீக்கிரம் காயாதா?”

“காயும்டா. ஆனா நிறுத்துன்னா நிக்காது. சக்கை சொன்ன பேச்சு கேக்கும்.”

பிற்பாடு வெப்பமானியை வைத்துப் பார்க்கையில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அச்சில் ஊற்றும் வெல்லத்துக்குப் பாகு 118 பாகையை ஒட்டி வர வேண்டும். அதற்குமேல் இரண்டு மூன்று பாகை தாண்டினால் கருகல் வாடை. கட்டை எரிந்து முடிந்தாலும் கங்கு கிடக்கும், அடிபிடிக்கும். சக்கை நீளமாகக் கொழுந்துவிட்டு எரிந்து, போடுவதை நிறுத்தியதும் சட்டென்று அடங்கிவிடும். பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்க்கிறவர் மேலே நின்று ‘போதும்’ என்றால், கீழே அடுப்புக்காரர் கையை எடுத்துவிடுவார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத ஆலையில் நல்ல வெல்லம் வந்து நான் பார்த்ததில்லை.

நெருப்பு தவறினால் நிறம் கறுக்கும். கடைக்காரருக்கு மஞ்சள்தான் வேண்டும். நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோஸ் தூள் வந்தது இந்தச் சந்தில்தான். அடுப்பின் குறையை அது மூடி மறைத்தது. அது வெல்லத்தில் விட்டுப்போகும் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. தூளைக் கையால் அள்ளிப் போடுகிறவருக்கு அந்த 70 எங்கே தெரியப்போகிறது?

சக்கையால் தீராத கஷ்டம் ஒன்று இருந்தது. முதல் கொப்பரைக்குச் சக்கை எங்கிருந்து வரும்? பொங்கலுக்கு முன்னால்தான் வெல்லத்துக்கு விலை. அது மழை ஓய்ந்து பனி இறங்குகிற மார்கழி. பரப்பின சக்கை பகலில் காய்ந்ததை இரவுப் பனி மறுபடி நனைத்துவிடும். மாடு சுற்றிய ஆலைக் காலத்தில் இன்னும் மோசம், சாறு முழுதாகப் பிழிபடாததால் சக்கை கனமாக, ஈரமாகக் கிடக்கும். டீசல் என்ஜின் வந்தபோது எல்லோரும் சாறு கூடியதைக் கொண்டாடினார்கள். அடுப்புக்காரர்கள் கொண்டாடியது காய்ந்த சக்கையை.

ஆக, பருவத்தின் முதல் நாட்களில் எரிந்தது எது என்று பார்த்தால் இந்த வட்டாரத்தின் கதையே வந்துவிடும். பனை மட்டையும் வேலமும் பழையவை. 1870-களின் பிற்பாதியில் திண்டிவனம், விழுப்புரம் வழியாக ரயில் வந்தது. நிலக்கரி எட்டாத அந்தக் காலத்தில் என்ஜினுக்கு விறகு வேண்டியிருந்ததால் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. ரயிலுக்கென்று வளர்ந்த மரம் பின்னர் எல்லா அடுப்புக்கும் போனது. மணிலா, அதாவது நாங்கள் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, பரவியதும் அதன் தோல் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. வேகமாக எரியும், சாம்பலாய்க் கொட்டும். உமியை நெல் அவிக்கும் மில்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சீமைக்கருவேலம் யாரும் நடாமலே ஏரிக்கரை வரை வந்து நின்றது. அதை வெட்டினால் சண்டைக்கு யாரும் வருவதில்லை.

காய்ச்சியது எங்களைப் போன்றவர்கள் மட்டும் அல்ல. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1842-இல் தொடங்கியது. முதலில் ஊர்களில் காய்ச்சிய வெல்லத்தை வாங்கிச் சுத்திகரித்ததோடு சரி, கரும்பையே நேராகப் பிழியத் தொடங்கியது பிற்பாடு. அந்தக் கம்பெனியே சாராயமும் வடித்தது. 1886-இன் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் வீட்டில் வடிப்பது குற்றம். பெரிய கொப்பரைகளில் வடித்து, வரி கட்டி, கடைக்கு அனுப்பும் முறை நிலைத்தது. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் தளர்த்தி, 1974-இல் திரும்ப இறுக்கி, 1981-இல் மறுபடி திறந்து, 1987-இல் கள்ளையும் சாராயத்தையும் மூடினார்கள். சீமை நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்ச எந்த அடுப்பு நல்லது என்று தாராளமாகப் பேசிக்கொள்கிறார்கள். இங்கே சட்டத்துக்கு உட்பட்டுக் காய்ச்ச எங்களுக்கு மிஞ்சியது வெல்லமும் பதநீரும்தான்.

சட்டத்துக்கு வெளியே காய்ச்சியவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். வெல்லமும் வேலம்பட்டையும் ஊறலுக்குப் போவதால் எங்கள் கொட்டகைப் பக்கமும் போலீஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்களுக்கு நெருப்பில் தேவை வேறு: புகை தெரியக்கூடாது, வெளிச்சம் தெரியக்கூடாது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் பத்துப் பேருக்கு மேல் செத்ததும், அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் போனதும் காய்ச்சிய சரக்கால் அல்ல. அது தொழிற்சாலை மெத்தனால். அடுப்பே ஏறாத திரவம். செய்தியில் ‘கள்ளச்சாராயம் காய்ச்சி’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அங்கே யாரும் எதையும் காய்ச்சவில்லை.

சக்கைக்கே திரும்புவோம். சர்க்கரை ஆலைகளும் கடைசியில் பெரியப்பா செய்ததையேதான் செய்கின்றன. தன் சக்கையைத் தானே எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கின்றன. புகளூர் காகித ஆலை 1980-களில் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியபோது, சர்க்கரை ஆலைகளிடம் சக்கையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எரிபொருளும் நீராவியும் கொடுத்தது. குப்பையாக இருந்ததற்கு விலை வந்துவிட்டது. விலை வந்தபின் எரிக்கவும் மனசு வராது.

இப்போது சில இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். சொந்தமாகக் கொப்பரை அடித்து, ஹைட்ரோஸ் இல்லாத வெல்லம் காய்ச்ச வேண்டுமாம், கேஸ் வைக்கலாமா சார் என்று கேட்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு என்றால் கணக்கு பயமுறுத்தும். சூட்டில் பாதி கொப்பரையில் ஏறினால்கூட 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து காலி. சிலிண்டர் 1,900 ரூபாய் என்று வைத்தால் கிலோ வெல்லத்துக்கு நெருப்புச் செலவே ஐம்பது ரூபாய். கரண்ட் இன்னும் வேடிக்கை. மூன்று மணி நேரத்தில் காய்ச்சி முடிக்க ஐந்து குதிரைத் திறன் மோட்டார் ஐம்பதுக்கு மேல் ஓடுகிற அளவு மின்சாரம் வேண்டும்.

ஐம்பது லிட்டர் சாற்றோடு பழகுகிறவருக்கு மட்டும் கேஸ் சரிதான். ஐந்து கிலோ போகும். வீட்டு அடுப்பில் ஏற்றி நாள் முழுக்கக் காத்திருந்து சாற்றைக் கறுக்க விடாமல், கல்யாணச் சமையலுக்கு வாடகைக்கு விடும் பெரிய பர்னர் வாங்கச் சொல்கிறேன். திருகினால் அடங்குகிற நெருப்பு அது, பதம் கற்க ஏற்றது. அதற்குமேல் போக ஆசைப்பட்டால் கொப்பரையை அப்புறம் அடிக்கலாம், முதலில் நல்ல அடுப்பு கட்டத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள் என்பேன். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.